மெஸ் கணக்கும் கல்விக் கணக்குதான்

பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்க ஆயிரம் அறிவுரை கூறும் நாம், விடுதியில் சேரும் முதலாமாண்டு மாணவரிடம் மெஸ் கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும் எனக் கேட்டறியச் சொல்வதில்லை.

தமிழக விடுதிகளில் பொதுவாக இரண்டு முறைகள் உள்ளன. மாணவர் வழக்கில் ‘டிவைடிங் சிஸ்டம்’ எனப்படுவது, மளிகை, காய்கறி, எரிவாயு முதலான மாதச் செலவை உண்டவர்களின் நாள் கணக்கில் வகுத்து வசூலிப்பது. மற்றொன்று, ஆண்டு முழுமைக்கும் ஒரே தொகையை முன்னதாகவே பெற்றுக்கொள்வது. முன்னதில் விலைவாசி உயர்வு மாணவர் தலையில் விழுகிறது. பின்னதில் உண்ணாத வேளைக்கும் பணம் போகிறது. நாள் கணக்கு முறையிலும், தொடர்ந்து சில நாள்கள் விடுப்பில் இருந்தால்தான் கழிவு என்பது பல விடுதிகளின் விதி. வார இறுதியில் மட்டும் ஊருக்குச் செல்பவருக்கு அது எட்டாது.

1982இல் சத்துணவையும் 2022இல் காலை உணவையும் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளின் பசியைப் பொதுப் பொறுப்பாக ஏற்ற மாநிலம் இது. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்கு வருவோருக்காகப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் மாதம் ரூ.1,000 என்ற அளவில் தொடங்கப்பட்டன. புத்தகத்துக்கும் பயணத்துக்கும் உதவ வேண்டிய அத்தொகை மெஸ் பில்லில் கரைவது முறையன்று.

நாள் கணக்கு முறையே நியாயமானது என்பது என் கருத்து. ஆனால், கணக்கு வெளிப்படையாக இருந்தால் மட்டுமே. மாதந்தோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் வைப்பதும், முதல் மாதம் முடிந்தபின் முறையை மாற்றிக்கொள்ள அனுமதிப்பதும் கல்லூரிகளுக்குப் பெரும் சுமையல்ல. ஏழை மாணவருக்கோ, படிப்பைத் தொடர்வதா என்பதையே அது தீர்மானிக்கக்கூடும்.