பெயர் யார் போட்ட பிச்சை?

ஏப்ரல் 14 வந்தால் போதும், ஒரு கதை கிளம்பிவிடுகிறது. மாலையோடு வருகிற பிரமுகர் மைக்கைப் பிடித்து, "அம்பேத்கர் என்பது அவருடைய சொந்தப் பெயரே கிடையாது. சிறுவன் பீமாராவ் மீது பிரியம் வைத்த ஒரு பிராமண ஆசிரியர் தன்னுடைய குடும்பப் பெயரை அவருக்குக் கொடுத்தார்" என்று சொல்லி நிறுத்துவார். கைதட்டலுக்கான நிறுத்தம் அது. அம்பத்தூரில் இதைக் கேட்டிருக்கிறேன். ஆவடியில் கேட்டிருக்கிறேன். பூந்தமல்லியிலும் கேட்டிருக்கிறேன். நம் சனங்களே கை தட்டுவதையும் பார்த்திருக்கிறேன்.

இந்தக் கதைக்குள் இருக்கும் சேதி என்ன? 'நீங்கள் தொண்டை கிழியக் கத்துகிற பெயர்கூட நாங்கள் போட்டதுதான்' என்பதே. படிப்பு நாங்கள் கொடுத்தது, சட்டம் எழுதும் வாய்ப்பு நாங்கள் கொடுத்தது, கடைசியில் பெயரும் நாங்கள் கொடுத்தது, ஆகவே நன்றியோடு அடங்கி இருங்கள் என்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். நம்மிடம் குடும்பப் பெயர் என்ற வழக்கம் கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்து, அதோடு நம் பெயர், அவ்வளவுதான். மராட்டியத்தில் மூன்று அடுக்கு: தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். அங்கே குடும்பப் பெயர்களில் ஏராளமானவை ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்ந்து உண்டானவை. வேலூர்க்காரர், மாங்காட்டுக்காரர் என்று நாம் சொல்கிறோமே, அந்த மாதிரி. பாடகி லதாவின் அப்பா தீனாநாத், கோவாவில் உள்ள மங்கேஷி என்ற தன் ஊரின் பெயரை எடுத்து மங்கேஷ்கர் என்று வைத்துக்கொண்டார். அதை யாரும் பிச்சை என்று சொன்னதில்லை.

அம்பேத்கர் குடும்பத்தின் பூர்வீகம் கொங்கண் கரையில் ரத்தினகிரி மாவட்டம் மண்டணகட் தாலுகாவிலுள்ள அம்படவே என்ற கிராமம். தாத்தா மாலோஜி சக்பால். அப்பா ராம்ஜி மாலோஜி சக்பால். இரண்டு பேரும் ராணுவத்தில் இருந்தவர்கள். ராம்ஜி சுபேதாராக இருந்தார், ராணுவப் பள்ளியில் தலைமை ஆசிரியராகவும் இருந்தார். 1891இல் மகன் பிறந்தது மாவ் நகரத்து ராணுவக் குடியிருப்பில். ராணுவக் குடியிருப்பு என்றால் என்னவென்று ஆவடிக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிராமத்துச் சேரியிலிருந்து தப்பித்து வர அன்று இருந்த ஒரே கதவு அது. அந்த ராம்ஜிதான் சக்பால் என்ற குலப் பெயரை விட்டுவிட்டு, ஊர்ப் பெயரைப் பிடித்து மகனை 'அம்படவேகர்' ஆக்கினார் என்பது எல்லோரும் ஒத்துக்கொள்கிற வரலாறு. ஆக வேர் அங்கே இருக்கிறது. ஒரு மகார் சுபேதார் தன் ஊரிலிருந்து எடுத்த பெயர்.

பிறகு அது 'அம்பேத்கர்' ஆனது எப்படி? அம்பேத்கர் என்ற குடும்பப் பெயர் கொண்ட ஆசிரியர் ஒருவர், 'அம்படவேகர்' வாயில் நுழையவில்லை என்று சுருக்கித் தன் பெயரைப் போலவே எழுதிவிட்டார் என்பது பிரபலமான கதை. அந்த ஆசிரியரைப் பற்றி பாபாசாகேபே பிரியமாகச் சொல்லியிருக்கிறார். மதியத்தில் தன் சாப்பாட்டில் பங்கு கொடுத்தவர் என்றும், வட்டமேசை மாநாட்டுக்குப் போகும்போது வாழ்த்திக் கடிதம் எழுதியவர் என்றும் நினைவுகூர்ந்திருக்கிறார். அந்த மனிதரின் ஈரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் 1900 நவம்பர் 7ஆம் தேதி சதாரா அரசுப் பள்ளியில் சேர்த்த பதிவேட்டில், 1914ஆம் எண்ணில், 'பீவா ராம்ஜி அம்பேத்கர்' என்று இருக்கிறது. சேர்க்கும் நாளிலேயே அப்படி எழுதியிருந்தால், ஆசிரியர் பிறகு மாற்றினார் என்ற கதை எங்கே நிற்கும் என்று கேட்கிறவர்களும் மராட்டியத்தில் உண்டு. அந்த வழக்கை வரலாற்றாளர்கள் தீர்க்கட்டும்.

நான் கேட்பது வேறு. ஒரு ஆசிரியர் இரண்டு எழுத்தைச் சுருக்கினார் என்றே வைத்துக்கொள்வோம். அதற்காகப் பெயர் முழுவதும் அவர் வீட்டுச் சொத்தாகிவிடுமா? அவருடைய 'கர்' மட்டும் எங்கிருந்து வந்ததாம்? அதுவும் ஏதோ ஒரு ஊரின் பெயர்தான். ஊர்ப் பெயர் எந்தச் சாதிக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. சோறு பங்கிட்டவர் பங்கிட்டேன் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரியவில்லை. இன்றைக்கு மைக்கில் பேசுகிறவர்கள்தான் அந்தச் சோற்றுக்குக் கணக்கு எழுதி நம்மிடம் வட்டி கேட்கிறார்கள்.

அதே பள்ளிக்கூடத்தில் அந்தப் பையனை எங்கே உட்கார வைத்தார்கள்? வீட்டிலிருந்து கொண்டுவந்த கோணிச் சாக்கில், தனியாக. தாகம் எடுத்தால் பியூன் வந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். பியூன் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை. இதை எழுதியவரும் அம்பேத்கரேதான். பெயர் கொடுத்த கதையைச் சொல்கிற வாய், கோணிச் சாக்குக் கதையை ஏன் முழுங்கிவிடுகிறது?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 'அம்பேத்கர்' என்றால் பொருள் 'அம்படவே ஊர்க்காரர்'. ஊர் என்று யார் சொல்லிக்கொள்ள முடியும்? நம்மிடம் ஊர் வேறு, சேரி வேறு. ஊர்க்கிணறு, ஊர்க்கோயில், ஊர்ச்சுடுகாடு, ஊர்க்கூட்டம் எதிலும் நாம் கிடையாது. மராட்டியத்திலும் மகார்வாடா ஊருக்கு வெளியேதான். அந்தக் கொங்கண் மண்ணிலேயே, மகாடில், பொதுக்குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடிக்க 1927 மார்ச்சில் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. தண்ணீர் தர மறுத்த ஊரின் பெயரை ஒருவர் தன் பெயராகத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போனார். பிறகு 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, இந்தியக் கிராமம் என்பது அறியாமையும் குறுகிய புத்தியும் வகுப்புவாதமும் தேங்கிக் கிடக்கிற குட்டை என்று பேசினார். கிராமத்தின் பெயரைச் சுமந்தவரே கிராமத்தை இப்படித் தோலுரித்தார். இன்றைக்கு அம்படவே என்ற ஒரு ஊர் இருப்பது உலகத்துக்குத் தெரிகிறது என்றால் அது அவரால். கடன்பட்டது யார், கடன் கொடுத்தது யார்?

மராட்டியத்தில் அது அரிதான குடும்பப் பெயர். நம் பக்கம் வந்ததும் அதன் சேதியே மாறிவிட்டது. 1942இல் நாக்பூரில் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு தொடங்கியபோது அதன் தலைவரானவர் சென்னையின் என். சிவராஜ். அந்தக் காலத்திலிருந்தே நம் சேரிகளுக்கு அந்தப் பெயர் பழக்கம். நாம் அதைக் குடும்பப் பெயராக எடுக்கவில்லை, பிள்ளைக்குச் சொந்தப் பெயராக வைத்தோம். மராத்தியில் நாக்கை மடக்கி 'ட' சொல்வார்கள். நாம் ஆங்கிலத்திலிருந்து எடுத்து 'த்' போட்டோம். அம்பேத்கார், அம்பெத்கர், அம்பேத்கர் என்று எப்படி எப்படியோ எழுதினோம். அந்த எழுத்துப்பிழைகளில் ஒன்றுகூட எந்த ஆசிரியரும் கொடுத்ததில்லை. நாமே செய்தது.

அது ஏன் முக்கியம் என்றால், நம் தாத்தாக்களுக்குப் பெயர் எப்படி வாய்த்தது என்று யோசிக்க வேண்டும். குப்பன், மண்ணாங்கட்டி, அமாவாசை. நல்ல பெயர் வைத்தாலும் கூப்பிடும்போது அது நிற்காது. முனுசாமி 'டேய் முனியா' ஆவான். சின்னப் பையன் வந்து எழுபது வயசுக் கிழவரை 'இன்னாடா' என்பான். சுயமரியாதைக்காரர்கள் 1929இல் செங்கல்பட்டு மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வெட்டுவதற்குப் பட்டம் இருந்தவன் வெட்டினான். நமக்கு வெட்ட எதுவும் இல்லை. நமக்கு ஒரு பெயர் முழுசாக வேண்டியிருந்தது, பல்லில் ஒட்டாமல் 'டேய்' போட முடியாத ஒரு பெயர். அதற்காகத்தான் 'அம்பேத்கர்' வைத்தோம். 'டேய் அம்பேத்கர்' என்று கூப்பிட எந்த ஆண்டைக்கும் நாக்கு கொஞ்சமாவது தடுமாறும்.

தடுமாறாதவர்களும் உண்டு. எங்கள் தெருப் பையன் ஒருவன், பெயர் அம்பேத்கர், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தான். சூப்பர்வைசர் பெயரைக் கேட்டுவிட்டு, "வேற பேரு எதுவும் இல்லியாப்பா? ஊட்ல எப்படிக் கூப்புடுவாங்க?" என்றாராம். "இதான் சார் பேரு" என்றிருக்கிறான். மூன்றே நாளில் அவனை 'அம்பி' ஆக்கிவிட்டார்கள். அம்பி என்பது யார் வீட்டுச் செல்லப் பெயர் என்று உங்களுக்கே தெரியும். அவன் அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார், "இன்னாத்த சொல்றது, எம் புள்ளைய ஐயர் ஊட்டுப் புள்ள ஆக்கிட்டானுங்க தம்பி." சிரித்துவிட்டுச் சொன்னார், "பேர மாத்தச் சொன்னா வேலையே வாணாம்னு சொல்லிட்டேன்."

பாருங்கள், பெயரைக் கொடுத்தோம் என்கிறவர்களின் உலகத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட மட்டும் ஒருவரும் இல்லை. இந்தச் சின்னக் கம்பெனிக் கதையைப் பெரிதாக்கிப் பார்த்தால் நாட்டின் கதை.

மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரை வைக்க 1978 ஜூலையில் மகாராஷ்டிர சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானம் போட்டன. மராட்டிய மண்ணில், மராட்டியப் பல்கலைக்கழகத்துக்கு, ஒரு மராட்டியக் குடும்பப் பெயர். கிராமம் கிராமமாக தலித் குடிசைகள் எரிந்தன. உயிர்கள் போயின. பெயர்ப் பலகை ஏற 1994 ஜனவரி 14 வரை, பதினாறு வருஷம் ஆனது. அதுவும் பழைய பெயரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான்.

நம் கதை மட்டும் யோக்கியமா? ஆவடியில் அரக்கோணம் ரயில் ஏறினால் திருவள்ளூர் தாண்டி வருகிற மாவட்டத்துக்கு 1989இல் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்' என்று பெயர். இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் என்ற தலித் வீரரின் பெயரை அரசு வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதிகள் கிளம்பின, கலவரம் வந்தது. அரசு என்ன செய்தது? எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் எடுத்துவிட்டது. சமத்துவமாம். ஒரு தலித் பெயரை உட்கார வைக்க முடியாததால் எல்லோரையும் எழுப்பிவிட்டார்கள். அந்த வெள்ளத்தில் வட ஆற்காட்டு அம்பேத்கரும் போனார்.

பிறகு 2008. சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. தேவர் ஜெயந்திக்கு ஒரு தரப்பு மாணவர்கள் அடித்த சுவரொட்டியில் கல்லூரியின் பெயர் இருந்தது, 'டாக்டர் அம்பேத்கர்' மட்டும் இல்லை. புகைச்சல் வளர்ந்து நவம்பர் 12ஆம் தேதி கல்லூரி வளாகத்தில் வெடித்தது. போலீஸ் வாசலில் நின்று வேடிக்கை பார்த்ததை நாடே டி.வி.யில் பார்த்தது. ரத்தம் சிந்திய பிள்ளைகள் எல்லோருமே பிள்ளைகள்தான், அந்த அடியை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் அடித்த கையை நாள் முழுக்கக் காட்டிய டி.வி.கள், பெயரை வெட்டிய கையை எத்தனை நிமிடம் காட்டின? 2018இல் அந்தக் கல்லூரியை நகரத்திலிருந்தே கிளப்பிவிட்டார்கள். ஒரு பகுதி புதுப்பாக்கத்துக்குப் போனது, ஒரு பகுதி நம் திருவள்ளூர் பக்கம் பட்டறைபெரும்புதூருக்கு வந்தது. உயர்நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் இருந்த பெயர் ஊருக்கு வெளியே வந்துவிட்டது. சேரி எங்கே இருக்குமோ அங்கே.

2018 மார்ச்சில் உத்தரப்பிரதேச அரசு திடீரென்று, அரசு ஆவணங்களில் பெயரை 'பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர்' என்றே எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டது. மராட்டிய வழக்கப்படி அப்பா பெயர் நடுவில் வருவது சரிதான். ஆனால் இவர்களுக்கு வேண்டியது அப்பா ராம்ஜியா, அந்தப் பெயருக்குள் இருக்கும் ராமரா? சுபேதார் ராம்ஜி கபீர் பந்தைச் சேர்ந்தவர், சாதியைச் சாடிய கபீரைப் பாடியவர். அதையும் சேர்த்து உத்தரவில் எழுதுவார்களா? 2024 டிசம்பர் 17ஆம் தேதி உள்துறை அமைச்சர் அமித் ஷா மாநிலங்களவையில், அம்பேத்கர் அம்பேத்கர் என்று சொல்வது இப்போது ஒரு ஃபேஷன் ஆகிவிட்டது, இத்தனை முறை கடவுள் பெயரைச் சொல்லியிருந்தால் ஏழு பிறவிக்கும் சொர்க்கம் கிடைத்திருக்கும் என்று பேசினார். எத்தனை முறை சொல்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணட்டும். நமக்குச் சொர்க்கம் வேண்டாம். பட்டா வேண்டும், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும், நிரந்தர வேலை வேண்டும். இந்தப் பெயரைச் சொல்லித்தான் இதையெல்லாம் கேட்க முடிகிறது.

2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். அந்தச் சொல் நம் முகவரியில் குத்திய பச்சை. ஆனால் 1997ஐ நாம் மறக்கவில்லை. சாதியை நீக்குகிறேன் என்று கிளம்பி, அம்பேத்கர் நகரையும் அம்பேத்கர் தெருவையும் சேர்த்துத் துடைத்துவிட்டு மல்லிகைத் தெரு, ரோஜாத் தெரு என்று எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டோம். பலகையில் என்ன எழுத வேண்டும் என்பதை அந்தத் தெருச் சனம் கூடிச் சொல்ல வேண்டும். அதிகாரி சொல்லக் கூடாது.

ஒன்று மட்டும் இவர்கள் கணக்கில் வரவில்லை. இங்கே அம்பேத்கர் என்று பெயர் வைத்த பையன்கள் அப்பாக்கள் ஆகிவிட்டார்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' கேட்டால் நம் பிள்ளைகள் அப்பா பெயரைத்தான் போடுகிறார்கள். ஆக, மராட்டியத்தில் அரிதான அந்தக் குடும்பப் பெயர் தமிழ்நாட்டில் மறுபடியும் குடும்பப் பெயராகிவருகிறது. நம் மகள் ஒருத்தி கவுன்ட்டரில் நிற்கிறாள். 'நீ மராட்டியா?' என்று கேட்கிறார்கள். 'இல்லை, பூந்தமல்லி' என்கிறாள்.

அவளிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள், இந்தப் பெயர் யாரோ போட்ட பிச்சை என்று.