படகுப் பந்தயத்தில் ‘பூஞ்சிட்டு’!

மதுரைச் சீமைக்குப் பந்தயம் புதிது அல்ல. மாட்டு வண்டிப் பந்தயம் என்றால் ஊரே சாலை ஓரத்தில் கூடிவிடும்.

அந்தப் பந்தயத்தில் ஒரு நியாயம் உண்டு. பெரிய மாட்டோடு சின்ன மாட்டை ஓட விடமாட்டார்கள். பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுவார்கள். சின்ன மாடுகளுக்குத் தூரமும் குறைவு.

மோட்டார் படகுப் பந்தயத்திலும் இதே நியாயம் இருக்கிறது. வெளிநாடுகளில் சிறுவர்-சிறுமிகளுக்கு என்றே தனிப் பந்தயம் நடக்கிறது. அதற்குச் சின்ன மோட்டார்தான். படகுப் பந்தயத்தின் ‘பூஞ்சிட்டு’ அது!

நம் பிள்ளைகளுக்கும் அந்த வாய்ப்பு வருமா? வந்தால் நல்லதா?

ஐஸ்கிரீம் தந்த யோசனை

இந்தப் பந்தயப் படகின் மோட்டார், படகுக்கு உள்ளே இருக்காது. பின்பக்கத்துப் பலகையில் வெளியே மாட்டி இருப்பார்கள். அதன் அடியில் உள்ள விசிறி, தண்ணீரைப் பின்னால் தள்ளும். படகு முன்னால் பாயும். மோட்டாரைத் திருப்பினால் படகும் திரும்பும். நம் மீனவர்கள் இதை ‘அவுட்போர்டு’ என்பார்கள்.

இதைப் பிரபலமாக்கியவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். ஒருநாள் ஏரிக்கு நடுவே இருந்த தீவுக்குக் காதலியுடன் போயிருந்தார். அவள் ஐஸ்கிரீம் கேட்டாள். அவர் துடுப்புப் போட்டுக் கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் அது உருகிவிட்டது. அப்போதுதான் இந்த யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1909-ல் அவருடைய மோட்டார் விற்பனைக்கு வந்தது.

வேகத்துக்குக் கடிவாளம்

ஐரோப்பாவில் ‘ஜி.டி. 15’ என்று ஒரு சிறுவர் பிரிவு உண்டு. 15 என்பது மோட்டாரின் குதிரை சக்தி. எல்லோருக்கும் ஒரே சக்தி. அதனால் பணக்கார வீட்டுப் பிள்ளை பெரிய மோட்டார் வாங்கி ஜெயித்துவிட முடியாது. கையின் திறமைதான் ஜெயிக்கும்.

அமெரிக்காவில் 9 வயதிலேயே பந்தயத்தில் சேரலாம். காற்றும் பெட்ரோலும் மோட்டாருக்குள் போகும் வழியில், சிறிய துளை போட்ட தகடு ஒன்றை வைத்துவிடுவார்கள். வேகம் குறைந்துவிடும். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு போட்டதுபோல!

இன்னொரு கயிறும் உண்டு. அதன் ஒரு முனை ஓட்டுபவரின் உடம்பில் இருக்கும். மறுமுனை மோட்டாரின் விசையில் இருக்கும். பிள்ளை தண்ணீரில் விழுந்தால் கயிறு விசையை இழுத்துவிடும். மோட்டார் உடனே நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆள் இல்லாத படகு வட்டம் அடித்துத் திரும்பி வரும். விழுந்த பிள்ளை மீதே மோதிவிடும்.

கைதட்டினோம், அவ்வளவுதான்

2018 நவம்பரில் விஜயவாடாவில், கிருஷ்ணா நதியில் உலகப் படகுப் பந்தயம் நடந்தது. ஒவ்வொரு படகுக்கும் சுமார் 400 குதிரை சக்தி! மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் பறந்தன. மக்கள் கரையில் நின்று பார்த்தார்கள். பந்தயம் முடிந்தது. படகுகள் அடுத்த நாட்டுக்குப் போய்விட்டன.

பெரிய மாட்டைப் பார்த்துக் கைதட்டினோம். பூஞ்சிட்டை யார் வளர்ப்பது?

அந்த மோட்டார் நமக்குத் தெரியாத பொருள் அல்ல. ராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் குமரியிலும் ஏராளமான வள்ளங்கள் அதில்தான் ஓடுகின்றன. 1980-களிலேயே குமரி மாவட்டம் முட்டத்தில், இந்த மோட்டாருக்கு ஏற்ற ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டினார்கள். ஓட்டவும் பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் நம் கடற்கரையிலேயே இருக்கிறார்கள்.

தண்ணீர் எங்கே?

மதுரையில் ஓட்டலாமா? வைகையில் பல மாதங்கள் மணல்தான் தெரியும். கண்மாய்த் தண்ணீர் நெல்லுக்கும் மீனுக்கும் கால்நடைக்கும் உரியது. பழைய மாதிரி மோட்டார்கள், எரியாத எண்ணெயைத் தண்ணீரில் கக்கும். சத்தம் கேட்டால் பறவைகள் கலைந்துவிடும். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கும் அது வேண்டாம். அங்கே வடம் பிடித்து இழுக்கும் தெப்பமே அழகு.

இப்போது பேட்டரியில் ஓடும் மோட்டார்கள் வந்துவிட்டன. 2024-ல் சவுதி அரேபியாவின் ஜெட்டாவில், மின்சாரப் படகுகளுக்கு என்றே உலகப் பந்தயம் தொடங்கியது. நாளைக்கு நம் நீர்நிலைகளுக்கு அவை ஒத்து வரலாம். இன்றைக்குப் பழகுவதற்கு ஏற்ற இடம் கடற்கரைதான். மோட்டாரின் விலையும் அதிகம். சாதாரண மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். ஒரு சங்கம் ஒரு மோட்டார் வாங்கிப் பத்துப் பிள்ளைகள் முறை வைத்துப் பழகுவதே நடக்கக்கூடிய காரியம்.

மறக்கக் கூடாத நாட்கள்

தேக்கடி ஏரித் தண்ணீர்தான் வைகைக்கு வந்து நம் வயல்களில் பாய்கிறது. அந்த ஏரியில் 2009 செப்டம்பர் 30-ந் தேதி சுற்றுலாப் படகு கவிழ்ந்தது. 45 பேர் மாண்டார்கள். 2023 மே 7-ந் தேதி கேரளாவில் தானூரில் ஒரு படகு கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள்.

இரண்டும் பந்தயப் படகுகள் அல்ல. உல்லாசமாகப் போன படகுகள். பெரியவர்கள் கூட இருந்தும் இந்தக் கதி என்றால், பிள்ளைகள் தனியாக ஓட்டும் படகுக்கு எத்தனை கட்டுப்பாடு வேண்டும்!

ஆகவே மோட்டார் கடைசியில் வரட்டும். முதலில் நீச்சல். அதற்குப் பிறகு துடுப்பும் பாயும். சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், பாய்மரப் படகோட்டிதான் ஒலிம்பிக் வரை போனார். அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். காற்றையும் அலையையும் அறிந்த பிள்ளையின் கையில் மோட்டாரைக் கொடுத்தால் பயம் குறைவு.

பெற்றோர்களே! கோடை விடுமுறையில் பிள்ளை “படகு ஓட்ட வேண்டும்” என்று கேட்டால் திட்டாதீர்கள். “நீச்சல் கற்றுக்கொண்டு வா” என்று சொல்லுங்கள். கற்றுக்கொண்டு வந்தால், மிதவைச் சட்டையை மாட்டி, தெரிந்த ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு அழைத்துப் போங்கள். பூஞ்சிட்டுகள் அப்படித்தான் வளரும்.