மாடிப்படி சுவிட்சும் கிணற்று மோட்டாரும்

கும்பகோணத்தில் 32 வருடம் வயரிங் வேலை பார்த்தவன் நான். சுவிட்சைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற நினைப்பு போன மாதம் வரை இருந்தது.

என் வங்கிச் செயலியில் கார்டுக்கென்று ஒரு பக்கம் உண்டு. கார்டின் ஆன்லைன் பயன்பாட்டை வாடிக்கையாளரே திறக்கவும் மூடவும் வசதி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் உத்தரவிட்டது, நல்ல உத்தரவு. அந்தப் பக்கத்தில் 'ஆன்லைன் பரிவர்த்தனைத் தடை' என்று ஒரு வரி. பக்கத்தில் மாத்திரை மாதிரி ஒரு பொத்தான், சாம்பல் நிறத்தில், உள்ளே வட்டம் இடது ஓரம். சாம்பலாகக் கிடக்கிறதே, மூடித்தான் இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். மூடியிருந்தது தடை. கார்டு திறந்தே கிடந்தது. மகள் அதில் ரயில் டிக்கெட் எடுத்து, பணம் போன குறுஞ்செய்தி வந்த பிறகுதான் விளங்கியது. மகளாக இருந்ததால் போயிற்று.

மாடிப்படிக்குப் போடும் டூ-வே சுவிட்சில் மேலே ஆன், கீழே ஆஃப் என்ற கணக்கே கிடையாது. இதுவரை ஒருவரும் என்னிடம் குறை சொன்னதில்லை. பல்பு கண்ணெதிரே தொங்குகிறதே! தோட்டத்துக் கிணற்று மோட்டார் அப்படியில்லை. ஓடுகிறதா என்பது வீட்டிலிருந்து தெரியாது. அதனால்தான் ஸ்டார்ட்டர் பெட்டியில் ஓட்டப் பச்சை, நிறுத்தச் சிவப்பு என்று தனித்தனிப் பொத்தான். கூடவே ஒரு இண்டிகேட்டர் விளக்கும் போட்டுத் தருவோம். வங்கியின் கணினி எந்த ஊரில் ஓடுகிறதோ, யார் கண்டது? அது கிணற்று மோட்டார் ரகம். அதற்கு மாடிப்படி சுவிட்சை மாட்டியிருக்கிறார்கள்.

"நிறத்தைப் பார்த்தால் தெரியாதாப்பா?" என்றாள் மகள். எங்கள் தொழிலில் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தால் கரண்ட் இருக்கிறது, கை வைக்காதே என்று அர்த்தம். போனில் சிவப்பு என்றால் நின்றுவிட்டதாம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்களும் இருக்கிறார்கள்; என்னிடம் வேலை பழகிய பையன் ஒருவன் அப்படி. வட்டம் நிற்கும் பக்கத்தை நம்பலாமா என்றால், நம் வீட்டில் சுவிட்சைக் கீழே அழுத்தினால் ஆன், அமெரிக்காவில் மேலே தள்ளினால்தான் ஆன்.

ஆகவே எழுத்தால்தான் சொல்ல வேண்டும். 'மியூட்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது கட்டளையா, நிலைமையா? இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் அந்தத் தொல்லையே இல்லை. 'மூடு' என்றால் ஏவுகிறோம். 'மூடியிருக்கிறது' என்றால் நிலைமையைச் சொல்கிறோம். கையில் இவ்வளவு நல்ல வினைச்சொல் இருக்க, 'தடை' என்று மொட்டையாக ஒரு பெயர்ச்சொல்லை வைத்து நம்மை விடுகதை போட வைக்கிறார்கள். 'ஆன்லைனில் கார்டு மூடியிருக்கிறது' என்று ஒரு வரி, அதன் கீழே 'திற' என்று ஒரு பொத்தான். எனக்கு இது போதும். திரையில் இடமில்லை என்பார்கள். அதே பக்கத்தில் கடன் விளம்பரத்துக்குப் பாதித் திரையைக் கொடுத்திருக்கிறார்கள்.

வட்டம் வலப்பக்கம் போனால் கார்டு மூடியது என்று டைரியில் குறித்து வைத்தேன். போன வாரம் செயலியைப் புதுப்பித்தார்கள். 'தடை' போய் 'அனுமதி' வந்திருக்கிறது. டைரி வரியை அடித்துவிட்டு, மறுபடி மகளைக் கூப்பிட்டேன்.