வீட்டுக்கு ஒரு படப்பெட்டி

ஒரு காலத்தில் ஊருக்குப் படப்பெட்டி வருவது பெரிய விஷயம். கீற்றுக் கொட்டகை வாசலில் கூட்டம் காத்து நிற்கும். "பெட்டி வந்துவிட்டதா?" என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். பஸ்சிலிருந்து தகரப் பெட்டி இறங்கும். உள்ளே படச் சுருள். பெட்டி வந்தால்தான் ஆட்டம்!

இப்போது படப்பெட்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். டெலிவிஷனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அதில் ஒரு ஹார்டு டிஸ்க்கை மாட்டினால் போதும். நூற்றுக்கணக்கான படங்கள், பாட்டுகள், புகைப்படங்கள் எல்லாம் அதில் அடங்கிவிடும். வேண்டியதை வேண்டிய நேரத்தில் பார்க்கலாம்.

இந்தப் பெட்டிகளில் பெயர் பெற்றது "ராஸ்பெர்ரி பை". இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் எபன் அப்டன் என்பவரும் அவருடைய நண்பர்களும் உருவாக்கிய சிறிய கம்ப்யூட்டர் அது. 2012-ம் வருடம் பிப்ரவரி 29-ந் தேதி விற்பனைக்கு வந்தது. விலை 35 டாலர். கம்ப்யூட்டர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் குறைந்து போனதைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள். பிள்ளைகள் படிக்கட்டும் என்று செய்தார்கள். பெரியவர்கள் படம் பார்க்க எடுத்துக்கொண்டார்கள்!

பெட்டி மட்டும் இருந்தால் போதாது. படம் காட்டும் மென்பொருள் வேண்டும். அதற்கு "கோடி" என்று பெயர். (பணக் கோடி அல்ல. இது இலவசம்.) 2002-ல் சில ஆர்வலர்கள் ஒரு விளையாட்டு யந்திரத்தில் படம் பார்ப்பதற்காக இதை எழுதத் தொடங்கினார்கள். 2014-ல் "கோடி" என்ற பெயர் வந்தது. தமிழிலும் இதைப் பயன்படுத்தலாம்.

பெட்டி தானாகவே பல வேலைகளைச் செய்யும். புதிய படத்தை டிஸ்க்கில் போட்டால், அதன் பெயரைப் படிக்கும். இன்டர்நெட்டில் தேடும். சுவரொட்டிப் படம், நடிகர் பெயர், கதைச் சுருக்கம் எல்லாவற்றையும் கொண்டுவந்து வரிசையாக அடுக்கும். ஆனால் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது படத்தின் பெயரோடு வருடத்தையும் எழுத வேண்டும். "பில்லா" என்று மட்டும் எழுதினால், 1980-ம் வருடப் படத்தை நினைத்த பாட்டிக்கு 2007-ம் வருடப் படம் வரக்கூடும். ரஜினிகாந்தைத் தேடினால் அஜித்குமார் வந்து நிற்பார்!

இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டிக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அது அந்த வீட்டின் கதை.

சினிமாவைப் பற்றிய விவரம் இன்டர்நெட்டில் கொட்டிக் கிடக்கிறது. சித்தியின் கல்யாணத்தைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. 1994-ல் நடந்த காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்திருப்பவர் யார்? மூலையில் மாலையோடு நிற்கும் பெரியவர் யார்? எந்த யந்திரமும் சொல்லாது. தாத்தாவும் பாட்டியும்தான் சொல்ல முடியும். அவர்கள் இருக்கும்போது கேட்டு எழுதி வைத்தால் உண்டு. இல்லாவிட்டால் இன்னும் 20 வருடம் கழித்து அந்தப் படத்தில் இருப்பவர்கள் பெயர் தெரியாத மனிதர்கள் ஆகிவிடுவார்கள்.

ஆகவே பெட்டி வாங்கிய வீடுகள் முதலில் செய்ய வேண்டியது சினிமா சேர்ப்பது அல்ல. வீட்டுப் படங்களைச் சேர்ப்பதுதான்.

இதில் அவசரமும் இருக்கிறது. 1980-களிலும் 1990-களிலும் கல்யாணங்களை வீடியோ கேசட்டில் எடுத்தார்கள். அந்தக் கேசட்டுகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. அந்த நாடா நிரந்தரம் அல்ல. நாளாக நாளாக அதில் பதிந்திருக்கும் காந்தப் பதிவு மங்கும். ஈரக் காற்று பட்டால் பூசணம் பிடிக்கும். நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தால், அதை டெக்கில் போடக் கூடாது. டெக்கும் கெடும். அடுத்துப் போடும் கேசட்டுக்கும் தொற்றும். விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்.

டெக்கும் கிடைப்பது அரிதாகிவிட்டது. கடைசிவரை அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் பூனாய் கம்பெனி, 2016 ஜூலையில் தயாரிப்பை நிறுத்தியது. விற்பனை குறைந்தது ஒரு காரணம். உதிரிப் பாகம் கிடைக்காதது இன்னொரு காரணம். இருக்கும் பழைய டெக்குகள் ஓடும்வரைதான்!

கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்ற, டெக்கோடு சிறிய கருவி ஒன்றை இணைக்க வேண்டும். 3 மணி நேரக் கேசட் என்றால் 3 மணி நேரம் ஓடியே தீரும். அந்த நேரத்தை வீணாக்காமல் பெரியவர்களை எதிரில் உட்கார வைக்கலாம். அவர்கள் சொல்லச் சொல்ல, படிக்கும் பிள்ளை ஒன்று பெயர்களை எழுதட்டும். மாற்றியதும் கோப்புக்கு "1994 - காதுகுத்து - மதுரை" என்பதுபோலப் பெயர் வைத்தால், யாரும் தேடி எடுக்கலாம்.

"வீட்டில் எதற்கு? கம்பெனிக்காரர்கள் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்களே" என்று சிலர் சொல்வார்கள். கம்பெனியிடம் இருப்பது கம்பெனியின் நிபந்தனைக்கு உட்பட்டது. 2019-ல் மைக்ரோசாப்ட் தன் மின் புத்தகக் கடையை மூடியது. காசு கொடுத்து வாங்கியவர்களின் புத்தகங்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. புத்தகத்துக்குப் பணம் தரலாம். பாட்டியின் குரலுக்கு எவ்வளவு தருவார்கள்?

ஆனால் வீட்டில் வைப்பதிலும் ஆபத்து உண்டு. டிஸ்க் ஒருநாள் கெடும். அதனால் நகல் வேண்டும். இரவு 2 மணிக்குத் தானே நகல் எடுக்கும்படி பெட்டிக்குச் சொல்லி வைக்கலாம். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். முதல் டிஸ்க்கில் இருப்பது மட்டுமே இரண்டாவது டிஸ்க்கிலும் இருக்க வேண்டும் என்று கட்டளை கொடுத்திருந்தால், பெட்டி அப்படியே செய்யும். பகலில் குழந்தை கை தவறிக் கல்யாணப் படத்தை அழித்துவிட்டால், இரவில் பெட்டி நகலையும் அழித்துவிடும். சொன்னதைத்தானே செய்தது!

அழிப்பதை நகலில் செய்யாதே என்று கட்டளையை மாற்றி வைக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் எடுத்து, கழற்றி, வேறு வீட்டில் வைப்பது இன்னும் நல்லது. கட்டிக் கொடுத்த பெண்ணின் வீட்டில் வைக்கலாம். தீ, வெள்ளம், திருட்டு எது வந்தாலும் ஒன்றாவது தப்பும்.

பெட்டியின் மின்சாரத்தைத் திடீரென்று பிடுங்கக் கூடாது. மெமரி கார்டு கெட வாய்ப்பு உண்டு. ரிமோட்டில் நிறுத்திய பிறகே ஸ்விட்சை அணைக்க வேண்டும்.

கடைத் தெருவில் வேறு வகைப் பெட்டிகளும் விற்கிறார்கள். "எல்லாப் படமும் இலவசம்" என்பார்கள். நம்பி வாங்கக் கூடாது. கள்ளப் படத்துக்கு வழி செய்த பெட்டியை விற்பது சட்ட விரோதம் என்று ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2017-லேயே தீர்ப்பளித்தது. அதைவிடப் பெரிய கேடு வேறு. இத்தகைய மலிவுப் பெட்டிகள் சிலவற்றுக்குள் திருட்டு நிரல் ஒளிந்திருப்பதாக அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. வீட்டு இன்டர்நெட்டை, வீட்டாருக்குத் தெரியாமல், குற்றவாளிகள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்!

இன்னொன்று. பல வீடுகளில் பெட்டியை அமைத்தவர் ஒருவர். அதை இயக்கத் தெரிந்தவரும் அவர் ஒருவரே. அவர் வெளியூர் போனால் பெட்டி ஊமை. இதற்குத் தேவையே இல்லை. எச்.டி.எம்.ஐ. ஒயர் வழியாக டெலிவிஷன் ரிமோட்டே பெட்டியையும் இயக்க வசதி இருக்கிறது. டெலிவிஷன் அமைப்புகளில் "சி.இ.சி." என்பதை இயக்கி வைத்தால் போதும். சில கம்பெனிகள் அதற்குத் தங்கள் சொந்தப் பெயரைச் சூட்டியிருக்கும். தேடிப் பார்க்க வேண்டும். பிறகு ஒரே ரிமோட்டில் அம்மாவும் பார்க்கலாம், பாட்டியும் பார்க்கலாம்.

பெட்டியின் கடவுச்சொல் என்ன, நகல் எந்த டிஸ்க்கில் இருக்கிறது, மூன்றாவது டிஸ்க் யார் வீட்டில் இருக்கிறது என்பதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். அந்தத் தாளைப் பீரோவில் ரேஷன் கார்டோடு வைக்கலாம்.