மரணம் தற்காலிகமா?

ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷ் படிக்க வருகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு சூத்திரத்தை ஊட்டிவிடுகிறார்கள். ஆங்கிலத்தின் 'டு பி' என்ற ஒரு வினைக்கு ஸ்பானிஷில் 'ஸெர்', 'எஸ்தார்' என்று இரண்டு உண்டாம். நிலையானதற்கு ஸெர், தற்காலிகமானதற்கு எஸ்தார். அவ்வளவுதான், உருப்போட்டுக்கொள்!

நான் கேட்கிறேன்: மரணம் தற்காலிகமா?

ஒருவன் செத்துப்போய்விட்டான் என்பதை ஸ்பானியர் 'எஸ்தா முவெர்த்தோ' என்கிறார்கள். அது எஸ்தார். செத்தவன் நாளைக் காலையில் எழுந்து காபி கேட்பான் என்றா அர்த்தம்? மாட்ரிட் நகரம் ஸ்பெயினில் இருக்கிறது என்பதற்கும் எஸ்தார்தான். அந்த நகரம் என்றைக்கு மூட்டை கட்டிக்கொண்டு போர்ச்சுகலுக்குக் குடிபோகிறதாம்? ஆனால், 'அவள் இளம்பெண்' என்பதற்கு ஸெர். இளமையைவிட அற்பாயுசு உடையது எது? மணி ஒன்று என்று சொல்லவும் ஸெர்தான். அது எத்தனை நிமிஷத்து நிஜம்?

ஆரம்பப் பாடத்துக்கு இந்தச் சூத்திரம் உதவுமே என்பார்கள். அரை மைல் சரியாக அழைத்துப் போய்விட்டுப் பிறகு காட்டில் விடுகிறவனை வழிகாட்டி என்று நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

எஸ்தார் என்பது, நிற்பது என்று பொருள்படும் 'ஸ்தாரே' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நாம் அறிந்த ஸ்திதி, ஸ்தானம் என்ற வடசொற்களின் வேரும் அதற்கு உறவுதான். ஒன்று எந்த ஸ்திதியில், எந்த ஸ்தானத்தில் நிற்கிறது என்பதை எஸ்தார் சொல்லும். அது இன்னது, இத்தகையது என்பதை ஸெர் சொல்லும். மரணம் மனிதன் போய்ச் சேர்ந்த நிலை; ஆகவே எஸ்தார். இதில் கடிகாரத்துக்கு என்ன வேலை?

தமிழனுக்கு இது புரியாத விஷயமே அல்ல. 'அவன் கெட்டிக்காரன்' என்கிறோம், வினையே வேண்டியதில்லை. 'அவன் தயாராக இருக்கிறான்' என்னும்போது 'இரு' வந்து நிற்கிறது. ஸ்பானிஷில் 'எஸ் லீஸ்தோ' என்றால் கெட்டிக்காரன். 'எஸ்தா லீஸ்தோ' என்றால் தயாராக இருக்கிறான். 'லீஸ்தோ' ஒன்றேதான், வினை மாறியதும் மனிதனைப் பற்றிய பேச்சே மாறிவிடுகிறது. எல்லா இடத்திலும் இரு மொழிகளும் இப்படிப் பொருந்திவிடா. ஆனாலும் நம் காதில் ஏற்கெனவே உள்ள ஒரு நுட்பத்தை ஆங்கிலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தொலைப்பானேன்?

கதை எழுதுகிறவன் என்பதால் எனக்கு இதில் கோபம் அதிகம். கணவன் மனைவியிடம் 'எரெஸ் குவாப்பா' என்றால், நீ அழகி. 'எஸ்தாஸ் குவாப்பா' என்றால், இப்போது அழகாக இருக்கிறாய். முதலாவது அவளுக்கே உரியது. இரண்டாவதில் பாதியைப் புதுப்புடவையும் பங்கு கேட்கலாம். எதைச் சொன்னான் என்பதில் ஒரு தாம்பத்தியமே தெரிந்துவிடும். ஆங்கிலம் இரண்டையும் ஒரே வாக்கியமாக்கிவிட்டால், அதிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர் எதை எழுதுவார்? ஊகத்தைத்தான் எழுதுவார்.

ஸ்பானிஷ் நாவல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகவே நமக்கு வருகின்றன. மூலத்தைப் படித்த ஒருவரிடம் அந்த வினையையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள் ஐயா! அந்தப் பெண் அழகியா, அழகாக இருக்கிறாளா என்று தெரிந்துகொள்ளும் உரிமை தமிழ் வாசகனுக்கு உண்டு.