இட்லி அவிப்பவள் பிள்ளைக்கு வெறும் டீயா?

 

தாராவியில் விடியுமுன்பே அடுப்புகள் எரிகின்றன. நம் குடிசைகளில் அவிக்கும் இட்லி தலையிலும் சைக்கிளிலும் ஏறி நகரமெங்கும் போகிறது. ஆபீசுக்குப் போகிறவர் பசியாறுகிறார். அந்த இட்லியை அவித்த தாயின் பிள்ளையோ டீயில் பாவை நனைத்துத் தின்றுவிட்டு மாநகராட்சிப் பள்ளிக்கு ஓடுகிறது! விற்க வேண்டிய இட்லியில் கை வைத்தால் வாடகைக் காசு குறையும் என்பது அவள் கணக்கு. வீட்டு வேலைக்குப் போகும் தாய்க்கோ அடுப்பு மூட்டவே நேரமில்லை.

'மதியம்தான் சாப்பாடு போடுகிறார்களே' என்கிறார்கள். போடுகிறார்கள். அது பிச்சையல்ல. 2001 நவம்பர் 28இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதை 8ஆம் வகுப்பு வரை உரிமையாக்கியது. ஆனால் காலைப் பசி மதியம் வரை காத்திருக்குமா? வெறும் வயிற்றில் எந்த வாய்பாடு ஏறும்?

'இலவசம் சோம்பேறியாக்கும்' என்கிறார்கள். நான் 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவைத் தின்று மெட்ரிக் வரை படித்தவன். அந்தச் சோறு என்னைச் சோம்பேறியாக்கவில்லை, ரயில்வே குமாஸ்தாவாக்கியது!

'பணமில்லை' என்கிறார்கள். மத்திய அரசின் 2020 கல்விக் கொள்கையே காலை உணவு வேண்டும் என்கிறது. சமைக்க முடியாத இடத்தில் வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ வெல்லத்துடன் கொடுக்கலாம் என்கிறது. 2021இல் பள்ளி உணவுக்கு ஐந்தாண்டுத் திட்டம் போட்டபோது காலை உணவு அதில் இல்லை. காகிதத்தில் கடலை, கையில் ஒன்றுமில்லை! தமிழகமோ காத்திருக்கவில்லை. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25இல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் காலை உணவை விரித்தது. உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் சுடச்சுடத் தட்டில் விழுந்தன. மனமிருந்தால் மார்க்கமுண்டு.

நம்மவரிலும் சிலர் தயங்குகிறார்கள்: 'பிழைக்க வந்த ஊரில் வாயைத் திறக்கலாமா?' ஏன் கூடாது? இந்த நகரின் சாக்கடையை அள்ளியவர் யார்? தோலைப் பதனிட்டவர் யார்? ஆனால் ஒன்று. தமிழ்ப் பிள்ளைக்கு மட்டும் கேட்டால் நாம் தோற்போம். மாநகராட்சிப் பள்ளிகளில் எட்டு மொழிகளில் பாடம் நடக்கிறது. எட்டு மொழிப் பிள்ளைக்கும் பசி ஒன்றுதான். மராத்தித் தாயையும் உருதுத் தாயையும் கூட அழைத்துக்கொண்டே கேட்போம்.

வழி இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்தது போதும். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, 'எங்கள் பிள்ளைகளுக்குக் காலை உணவு' என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். நகலை வாங்கி நம் சங்கத்தில் கொடுங்கள். பள்ளிக்கொரு தீர்மானமாகச் சேர்த்து வார்டு ஆபீசுக்குப் போவோம். எழுதத் தெரியாதவர் வாருங்கள். எழுதித் தர நான் இருக்கிறேன்.

ஊருக்கு இட்லி அவிப்போம். நம் பிள்ளையின் தட்டையும் நிரப்புவோம்!