டாக்டர் கேட்காத கேள்வி

ஆஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்தால் என்னென்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். வயது என்ன, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா? நாடி பார்ப்பார்கள், ஜுரம் பார்ப்பார்கள், எல்லாவற்றையும் எழுதியும் கொள்வார்கள். "சிகரெட், பீடி, புகையிலை உண்டா?" என்ற கேள்வி மட்டும் பாதி இடத்தில் மறந்து போகும். கேட்டாலும், "விட்டுவிடுங்கள், ஸார்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று எண்ண வேண்டாம். 2016-17ல் இந்தியா முழுவதும் புகையிலைப் பழக்கத்தைப் பற்றிக் கணக்கெடுத்தார்கள். வைத்தியரிடம் போய்வந்த புகை பிடிப்பவர்களில், "விட்டுவிடு" என்ற யோசனையைக் கேட்டவர்கள் 48.8 சதவீதம்தான். புகையிலை மெல்லுகிறவர்களில் 31.7 சதவீதம். வெற்றிலைப் பெட்டியோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அதே கணக்கின்படி, நம் நாட்டில் வயது வந்த பெண்களில் 100க்குச் சுமார் 13 பேர் புகையில்லாத புகையிலையை உபயோகிக்கிறவர்கள்!

டாக்டர் கேட்காததை நாம் வீட்டில் வேறு விதமாகக் கேட்கிறோம். பெட்டியை ஒளித்து வைக்கிறோம். குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்குகிறோம். அது மூன்றாம் நாள் உடைந்ததும், "உங்களுக்கு எங்கள் மேல் பிரியமே இல்லை" என்று அழுகிறோம். பாவம், பிரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு இழுப்பு இழுத்த சில விநாடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. வருஷக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, அது கிடைக்காவிட்டால் எரிச்சல், தூக்கமின்மை, தவிப்பு என்று பழி வாங்குகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களில் இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். அடங்கச் சில வாரங்கள் ஆகும். சத்தியம் மூன்றாம் நாள் உடைவதற்கு இதுதான் காரணம். இது வெறும் கெட்ட பழக்கமல்ல. சிகிச்சை வேண்டிய வியாதி.

சிகிச்சை என்றால் பெரிய செலவோ என்று பயப்படாதீர்கள். டாக்டரின் வாயிலிருந்து வரும் இரண்டு நிமிஷப் பேச்சே அதன் முதல் வேளை மருந்து. மைக்கேல் ரஸ்ஸல் என்பவர் லண்டனில் 28 டாக்டர்களைக் கொண்டு இதைச் சோதித்துப் பார்த்து, 1979ல் வெளியிட்டார். டாக்டர் ஒன்றும் சொல்லாமல் விட்டவர்களில், ஒரு வருஷம் புகையில்லாமல் இருந்தவர்கள் 0.3 சதவீதம். "விட்டுவிடுங்கள், மறுபடி கூப்பிட்டு விசாரிப்போம்" என்று எடுத்துச் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரமும் கொடுத்தவர்களில் 5.1 சதவீதம். "நூற்றுக்கு ஐந்துதானா!" என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். ஒரு ஊரில் இருக்கும் டாக்டர்கள் அனைவரும் வருகிறவர்கள் அனைவரிடமும் இதைச் சொன்னால் எத்தனை வீடுகள் பிழைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்படியானால் ஏன் சொல்வதில்லை? டாக்டருக்கு நேரமில்லை, நோயாளி கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம், சொன்னபின் என்ன செய்வது என்ற பயிற்சியும் இல்லை. நல்ல மனசுள்ள ஒரு டாக்டரை நம்பியிருந்தால், அவர் லீவு எடுத்தால் காரியமும் லீவு எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆஸ்பத்திரியே இதை ஒரு நித்திய கடமையாக ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இதைச் செய்து காட்டியவர்கள் கனடாவில் இருக்கிறார்கள். ஒட்டாவா நகரத்தில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருதய ஆஸ்பத்திரியில் 2002ல் ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். படுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் புகை பிடிப்பதைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். "ஆம்" என்றால், கட்டிலருகே வந்து நர்ஸ் பேசுவார். தவிப்பு அடங்க மருந்தும் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போனபின் ஆறு மாதம் வரை டெலிபோன் வரும். பதிவு செய்த குரல்தான் விசாரிக்கும். தடுமாறுகிறேன் என்று பதில் வந்தால், நர்ஸ் தாமே கூப்பிட்டுத் தைரியம் சொல்வார். பிறகு இவர்கள் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போய், படிவம் தயாரித்துக் கொடுத்து, ஊழியருக்குப் பயிற்சி கொடுத்து, கணக்கு வைக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். ஒன்பது ஆஸ்பத்திரிகளின் கணக்கு 2010ல் வெளிவந்தது. ஏற்பாட்டுக்கு முன், ஆறு மாதம் கழித்தும் புகையில்லாமல் இருந்தவர்கள் 100க்கு 18 பேர். ஏற்பாட்டுக்குப் பின் 29 பேர். அதே டாக்டர்கள், அதே நர்ஸுகள். கேள்வியும் மருந்தும் விசாரிப்பும் மட்டுமே புதிது.

இருதய நோயாளிக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? 20 ஆராய்ச்சிகளைத் திரட்டி 2003ல் வந்த ஒரு கட்டுரையின்படி, நோய் கண்டபின் புகையை விட்டவர்களுக்கு, விடாதவர்களைவிட மரண அபாயம் 36 சதவீதம் குறைவு. இதற்கு ஈடாகச் சொல்லக்கூடிய மாத்திரைகள் சொற்பமே!

மருந்து என்றேனே, அதில் ஒன்று நிகோடின் சூயிங்கம். இதை மிட்டாய்போலக் கடகடவென்று மென்றால் பலனில்லை. மெதுவாக மென்று, நாக்கில் சுரீரென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதைப் போடுவதற்குக் கால் மணி முன்பிருந்தே காப்பி கூடாது. காப்பி குடித்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. நம் வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு இதுதான் கொஞ்சம் கஷ்டமான பத்தியம்! சூயிங்கம் தவிர, தோலில் ஒட்டும் பட்டையும் மாத்திரைகளும் உண்டு. எது, எவ்வளவு என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். உலக சுகாதார ஸ்தாபனம் 2024ல் வெளியிட்ட வழிகாட்டியும், டாக்டரின் சுருக்கமான யோசனையையும் மருந்தையும் சேர்த்தே சிபாரிசு செய்கிறது.

ஆஸ்பத்திரிகள் மாற நாளாகலாம். அதுவரை கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் அந்தக் கேள்வியை நினைவூட்டலாம். "டாக்டர், இவருக்கு இருபது வருஷமாக சிகரெட் உண்டு. தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். இதற்கும் சேர்த்து வைத்தியம் பண்ணுங்கள்" என்று சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, "இதற்காக எப்போது மறுபடி வர வேண்டும்?" என்று கேளுங்கள். அத்தைக்கு வாயில் புண் என்று போனால், வெற்றிலையோடு புகையிலையும் போடுகிறார் என்பதை மறைக்காதீர்கள். அரசாங்கம் நடத்தும் இலவச டெலிபோன் உதவியும் உண்டு: எண் 1800-11-2356. 2018லிருந்து சிகரெட் பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறார்கள். ஒளித்து வைக்க எடுக்கிற பெட்டியைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள்.

அவர் மறுபடி தவறினால்? பலருக்கு ஒரே முயற்சியில் விட முடிவதில்லை. மலேரியா திரும்பி வந்தால் நோயாளியைத் திட்டுகிறோமா? மறுபடி மருந்து கொடுக்கிறோம். இதற்கும் அப்படித்தான். இனிமேல் சத்தியம் வாங்குவதை விட்டுவிட்டு, சிகிச்சை வாங்கிக் கொடுங்கள்.